போட்டோ எடிட்டிங் மென்பொருள் இழுக்கிறதா? அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள்

படத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரஷ்ஷை இழுத்தால் கோடு பின்னாலேயே தாமதமாக வருகிறது. சேவ் கொடுத்தால் ஜன்னல் வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நிற்கிறது. இந்த நிலைக்கு வந்ததும் பெரும்பாலானோர் ரேம் வாங்கிப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் சேர்க்கத் தொடங்குகிறார்கள். பல நேரம் இரண்டுமே தேவையில்லை. ஹார்டு டிஸ்க்கில் அடைபட்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு வேகமான பிராசஸர் போட்டும் பயனில்லை. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெட்டிருந்தால் 32 ஜிபி ரேம் இருந்தும் பிரஷ் இழுக்கத்தான் செய்யும்.

பிராசஸர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஆகிய நான்கில் ஏதோ ஒன்றுதான் அந்த நேரத்தில் மற்ற மூன்றையும் காக்க வைக்கிறது. எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே விளக்குகிறோம். போட்டோஷாப், லைட்ரூம் கிளாசிக், கிம்ப் மூன்றையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற மென்பொருள்களிலும் அடிப்படை இதேதான்.

ஒரு படம் உண்மையில் எவ்வளவு இடம் பிடிக்கும்?

இந்தக் கணக்கு புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு ஜேபெக் படம் டிஸ்க்கில் 8 அல்லது 10 எம்பிதான் இருக்கும். ஆனால் அது சுருக்கி வைத்த அளவு. மென்பொருள் அதைத் திறக்கும்போது முழுதாக விரித்தாக வேண்டும். 6000 × 4000 என்றால் 2 கோடியே 40 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 8 பிட் படமென்றால் ஓர் எண்ணுக்கு ஒரு பைட், ஆக 7 கோடியே 20 லட்சம் பைட். போட்டோஷாப்பின் கீழ் ஓரத்தில் ‘டாக்’ என்று ஓர் அளவு தெரியும். இந்தப் படத்துக்கு அங்கே 68.7எம் என்று காட்டும். 1024-ஆல் வகுத்துக் கணக்கிடுவதால் 72 என்பது அப்படித் தெரிகிறது. 9 எம்பி கோப்பு ரேமுக்குள் வந்ததும் எட்டு மடங்காகிவிட்டது.

இப்போது அதே படத்தை 16 பிட்டில் வைத்தால் இரட்டிப்பு, 144 எம்பி. பேக்ரவுண்ட் லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களில் அடியில் இருப்பதை) கன்ட்ரோல் + ஜே கொடுத்து ஒரு பிரதி எடுத்தால் இன்னொரு 144. டாட்ஜ் அண்ட் பர்னுக்கு ஒன்று, தோல் சீராக்க ஒன்று, பின்னணி மங்கலுக்கு ஒன்று என்று ஐந்து லேயர் வந்தால் 700 எம்பியைத் தாண்டும். கிம்பில் துல்லியத்தை 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் என்று மாற்றி, ஆல்ஃபா சேனலும் சேர்ந்தால், ஒரு பிக்சலுக்கு 16 பைட். ஒரே ஒரு லேயர் 384 எம்பி.

இதற்கு மேல்தான் ஹிஸ்டரி வருகிறது. நீங்கள் பின்னோக்கிப் போக வசதியாக ஒவ்வொரு படியையும் மென்பொருள் நினைவில் வைத்திருக்கிறது. சின்ன பிரஷ்ஷால் ஒரு புள்ளியைத் திருத்தினால் அந்தப் பகுதி மட்டும் சேமிக்கப்படும், செலவு அதிகமில்லை. படம் முழுவதற்கும் ஒரு ஃபில்டர் போட்டால் முழுப் படமும் ஹிஸ்டரியில் போய் உட்காரும். போட்டோஷாப்பில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் வழக்கமாக 50 என்று இருக்கும். முழுப் படத்தையும் தொடும் பத்துச் செயல்களைத் தொடர்ந்து செய்தால், லேயர்களைத் தவிர ஹிஸ்டரிக்கு மட்டும் ஒன்றரை ஜிபி ஆகிவிடும். 8 ஜிபி ரேமில் விண்டோஸ் ஒரு பங்கு, பிரௌசர் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது போக என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரேம் தீர்ந்தால் மென்பொருள் நின்றுவிடாது. மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். போட்டோஷாப் இந்த இடத்தை ஸ்கிராட்ச் டிஸ்க் என்கிறது, கிம்ப் ஸ்வாப் என்கிறது. இங்கேதான் வேகம் விழுகிறது. ரேம் விநாடிக்குப் பல பத்து ஜிபி தரும். சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் வேகமான வகையான என்விஎம்இ மூவாயிரம் எம்பியும் அதற்கு மேலும் தரும். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் 100 முதல் 200 எம்பி. அதுவும் தொடர்ச்சியாகப் படித்தால் மட்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அதன் முனை நகர்ந்து இடம் தேட 10 மில்லிவிநாடி போய்விடும். விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பிகூடத் தேறாது.

எந்தச் செயல் மெதுவாக இருக்கிறது?

‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எது ஸ்லோ? மென்பொருள் திறப்பதா, படம் திறப்பதா, பிரஷ்ஷா, ஃபில்டரா, சேவ் செய்வதா, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போவதா? திறந்த முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் மெதுவாகிறதா, அல்லது தொடக்கத்திலிருந்தே அப்படியா? இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைக் காட்டுகின்றன.

ஒரு சோதனைப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் அளவிலேயே இருக்கட்டும். அதைத் திறக்க எத்தனை விநாடி, ஒரு குறிப்பிட்ட ஃபில்டருக்கு எத்தனை விநாடி, சேவ் ஆக எத்தனை விநாடி என்று போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சில் பார்த்து எழுதி வையுங்கள். இனி செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இதே மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்து அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

அடுத்து, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மெதுவாக இருக்கும் அந்தச் செயலைச் செய்யுங்கள். மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டர். இழுக்கும் நேரத்தில் எந்தக் கோடு மேலே போய் முட்டுகிறது என்று கவனியுங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்று, அதே சமயம் டிஸ்க்கும் துடிக்கிறது என்றால் ரேம் போதவில்லை, டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. மேக்கில் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்புக்கு மாறுவதும், ‘ஸ்வாப் யூஸ்டு’ ஏறிக்கொண்டே போவதும் இதே அர்த்தம்.

மெமரி தாராளமாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? டிஸ்க் பக்கத்தைத் திறந்து, கீழே ரீட், ரைட் வேகத்தையும் பாருங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதம், ஆனால் வேகமோ விநாடிக்கு 1 அல்லது 2 எம்பி என்று காட்டினால் டிஸ்க் திணறுகிறது என்று பொருள். சுழலும் டிஸ்க்கில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் கை வைத்தால் இப்படி ஆகும். எல்லாவற்றையும் மூடிய பிறகும் அப்படியே இருந்தால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நலத்தைப் பார்க்கலாம். ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் ஆகியவற்றில் எச்சரிக்கை தெரிந்தால் வேகத்தைப் பற்றிய யோசனையை ஒதுக்கிவிட்டு, அந்த நிமிடமே படங்களை வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். வேகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போன படம் திரும்பாது.

பிராசஸரைப் பொறுத்தவரை ஒரு பொறி உண்டு. மொத்த அளவு 10 சதவீதம்தான் காட்டுகிறது, எனவே பிராசஸர் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எடிட்டிங்கில் பல வேலைகளைப் பல கோர்களுக்கு (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளுக்கு) பிரித்துக் கொடுக்க முடியாது. 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசஸர்ஸ் என்று மாற்றினால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அதிலும் ஒரே வேலை கோர் விட்டுக் கோர் தாவிக்கொண்டிருக்கும் என்பதால், ஒன்று 100-இல் நிலைத்து நிற்க வேண்டுமென்று எதிர்பார்க்க வேண்டாம். மற்ற மூன்றும் அமைதியாக இருக்க, செயல் மட்டும் நேரம் எடுக்கிறது என்றால் ஒற்றைக் கோரின் வேகம்தான் எல்லை. இத்தகைய வேலைகளுக்குக் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம்.

ரேமையும் ஸ்கிராட்ச் டிஸ்க்கையும் சரிசெய்வது

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் மிக அதிகமாகக் காணப்படும் சிக்கல் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

போட்டோஷாப்பில் கீழ் ஓரத்து ‘டாக்’ அளவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் என்றால் எல்லாம் ரேமுக்குள்ளேயே நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் ஸ்கிராட்ச் டிஸ்க்கைத் தொடத் தொடங்கிவிட்டது. நீங்கள் வேலை செய்யும்போது அது 90-க்குக் கீழேயே இருந்தால் சிக்கல் ரேமில்தான். வேறெங்கும் தேட வேண்டாம். கிம்பில் இதற்கு இணையாக டேஷ்போர்டு என்ற பலகை உண்டு. கிம்பின் மேல் பட்டையில் உள்ள ‘விண்டோஸ்’ மெனுவில் டாக்கபிள் டயலாக்ஸ் பட்டியலில் இருக்கும். கேஷ் நிரம்பி ஸ்வாப் ஏறுவது அங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும்.

எஃபிஷியன்சி குறைவாக இருந்தால் முதலில் மூட வேண்டியது பிரௌசரை. முப்பது டேப் திறந்த பிரௌசர் சில ஜிபியைச் சத்தமில்லாமல் விழுங்கும். அடுத்து பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ரேமில் எத்தனை பங்கைப் போட்டோஷாப் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. வழக்கமாக 70 சதவீதத்தில் இருக்கும். வேறு பெரிய நிரல் எதுவும் ஓடாத கம்ப்யூட்டரில் 80, அதிகபட்சம் 85 வரை ஏற்றலாம். 100-க்கு ஏற்றினால் இன்னும் வேகமாகும் என்ற எண்ணம் தவறு. இயங்குதளத்துக்கு இடமில்லாமல் போய், அது தன் பங்குக்கு டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். இரண்டும் ஒரே டிஸ்க்குக்குப் போட்டி போட, முன்பைவிட மோசமாகும். 8 ஜிபி கம்ப்யூட்டரில் லைட்ரூமையும் போட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்து வைப்பவர்கள் ஸ்லைடரை ஏற்றுவதற்குப் பதில் 60-க்கு இறக்கிப் பார்ப்பது நல்லது.

அதே பக்கத்தில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸை 50-இலிருந்து 20-க்குக் குறைக்கலாம். வேலைக்கு நடுவே உடனே இடம் வேண்டுமென்றால் எடிட் மெனுவில் பர்ஜ், ஆல். ஆனால் அதற்குப் பிறகு பின்னோக்கிப் போக முடியாது. அதுவரை செய்தது சரிதான் என்று உறுதியான பிறகு மட்டும் அழுத்துங்கள். கிம்பில் பிரிஃபரன்சஸ், சிஸ்டம் ரிசோர்சஸ் பக்கத்தில் டைல் கேஷ் சைஸ், மேக்சிமம் அன்டூ மெமரி இரண்டும் இருக்கும். டைல் கேஷை மொத்த ரேமில் பாதி அளவுக்குக் குறையாமல் வைத்துப் பாருங்கள்.

ஸ்கிராட்ச் டிஸ்க் எங்கே இருக்க வேண்டும்? கம்ப்யூட்டரில் உள்ள மிக வேகமான, காலி இடம் அதிகமுள்ள டிஸ்க்கில். பிரிஃபரன்சஸில் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் பக்கத்தில் எஸ்எஸ்டியை டிக் செய்து மேலே கொண்டுவாருங்கள். இரண்டு தனித்தனி எஸ்எஸ்டி இருந்தால் இயங்குதளம் இல்லாததைக் கொடுப்பது நல்லது. ஒரே டிஸ்க்கை சி, டி என்று பிரித்து வைத்திருப்பவர்கள் கவனிக்க: டி-க்கு மாற்றுவதால் வேகம் கூடாது, உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். வேகமான எஸ்எஸ்டியும் பழைய சுழலும் டிஸ்க்கும் இருந்தால் ‘தனி டிஸ்க் வேண்டும்’ என்பதற்காகப் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள்; எஸ்எஸ்டியே மேல்.

காலி இடம் 50 ஜிபியாவது இருக்கட்டும். எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தால் அதன் எழுதும் வேகமே விழுந்துவிடும். மொத்தக் கொள்ளளவில் 15 முதல் 20 சதவீதம் எப்போதும் காலியாக விடுவது வழக்கம். ‘ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் ஆர் ஃபுல்’ என்ற செய்தியோடு போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், ஐகானை அழுத்திய கையோடு கன்ட்ரோல் + ஆல்ட் (மேக்கில் கமாண்ட் + ஆப்ஷன்) அழுத்திப் பிடியுங்கள். திறப்பதற்கு முன்பே வேறு டிஸ்க்கைத் தேர்வுசெய்யச் சொல்லிக் கேட்கும்.

பணம் செலவில்லாமல் மிகப் பெரிய பலன் தருவது படத்தின் அளவைச் சிந்திப்பது. போன் திரையிலும் சமூக ஊடகத்திலும் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கு 6000 பிக்சல் அகலம் எதற்கு? அசலைத் தொடாமல், ஒரு பிரதி எடுத்து 3000 × 2000-க்குச் சுருக்கி வேலை செய்தால் ஒவ்வொரு லேயரும் நான்கில் ஒரு பங்காகிவிடும். லேயரைப் பிரதி எடுத்து அதன் மேல் கர்வ்ஸ் போடுவதற்குப் பதில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் பயன்படுத்துங்கள். அது வெறும் கட்டளை, பிக்சலைச் சுமக்காது. அதன் மாஸ்க்கில் வரைந்தாலும் 8 பிட்டில் பிக்சலுக்கு ஒரு பைட்தான், நம் படத்துக்கு 24 எம்பி. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டின் கதை வேறு. அசல் கோப்பையே உள்ளே சுமப்பதோடு, மேலே உள்ள ஸ்மார்ட் ஃபில்டர்களை மாற்றத்துக்கு மாற்றம் புதிதாகக் கணக்கிடும். வசதியானதுதான், வேகம் குறைந்த கம்ப்யூட்டரில் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

‘ரேம் பூஸ்டர்’, ‘ரேம் கிளீனர்’ என்று வரும் மென்பொருள்களை நிறுவ வேண்டாம். பயன்பாட்டில் உள்ளதை ரேமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு ‘2 ஜிபி விடுவித்தோம்’ என்று காட்டுவதுதான் அவற்றின் வேலை. அடுத்த கிளிக்கில் அதெல்லாம் டிஸ்க்கிலிருந்து திரும்பி வந்தாக வேண்டும்.

பிரஷ் இழுத்தால், திரை துண்டுதுண்டாக வந்தால்

ஜூம் செய்யும்போது படம் கட்டம் கட்டமாக வருவது, பிரஷ் பின்தங்குவது, திரை மின்னுவது, இவை பெரும்பாலும் கிராபிக்ஸ் பக்கம். சோதிப்பது எளிது: பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்’ என்பதன் டிக்கை எடுத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து, அதே வேலையைச் செய்யுங்கள். கோளாறு மறைந்தால் டிரைவர்தான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். கிராபிக்ஸ் கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புது டிரைவரை இறக்கி நிறுவுங்கள். என்விடியா கார்டு என்றால் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவர். பிறகு மறக்காமல் அந்த டிக்கைத் திரும்பப் போடுங்கள். பல வசதிகள் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வேலையே செய்யாது.

இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில், மென்பொருள் தவறான ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், அந்த மென்பொருளைத் தேர்ந்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டும் தனித்தனியே தெரியும். எது அசைகிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

பிரஷ் மட்டும் இழுக்கிறது, மற்றதெல்லாம் சரி என்றால் கார்டைக் குறை சொல்லும் முன் மேலே ஆப்ஷன்ஸ் பட்டையில் ஸ்மூதிங் எவ்வளவு என்று பாருங்கள். கை நடுக்கத்தைச் சீராக்குவதற்காக அது கோட்டை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. ஒப்பனை வேலைக்கு அதைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும். பிரஷ் செட்டிங்ஸில் ஸ்பேசிங் 25 சதவீதத்துக்குப் பதில் 1 அல்லது 2 என்று இருந்தால், ஒரே கோட்டுக்குப் பத்து மடங்குக்கு மேல் முத்திரை குத்த வேண்டியிருக்கும். ஆயிரம் பிக்சல் அகல பிரஷ்ஷில் அது எந்தக் கம்ப்யூட்டரையும் திணற வைக்கும்.

4கே மானிட்டர் வாங்கிய பிறகு எல்லாம் மெதுவாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அது பிரமை அல்ல. முழு எச்டி திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல், 4கே திரையில் சுமார் 83 லட்சம். ஸ்லைடரை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் நான்கு மடங்கு வரைய வேண்டும். ஜன்னலைச் சிறிதாக்கி வேலை செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

லைட்ரூமுக்குத் தனிக் கணக்கு

லைட்ரூம் கிளாசிக் படத்தை லேயர் லேயராகச் சுமப்பதில்லை. செய்த திருத்தங்களைக் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தில் குறித்து வைத்து, பார்க்கும்போது ரா கோப்பின் (கேமரா பதிவுசெய்த மூலத் தரவின்) மேல் அவற்றைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆகவே கேட்டலாக் கோப்பும் அதன் பிரிவ்யூ ஃபோல்டரும் எஸ்எஸ்டியில் இருப்பது அவசியம். அசல் ரா படங்கள் பெரிய ஹார்டு டிஸ்க்கில் இருந்தாலும் சமாளிக்கலாம்.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் ஒன்று. லைப்ரரியில் படத்துக்குப் படம் தாவும்போது தாமதமென்றால் 1:1 பிரிவ்யூக்களை முன்கூட்டியே உருவாக்குவது பலன் தரும். டெவலப் பக்கத்தில் தாமதமென்றால் அதனால் பயனில்லை. டெவலப் அந்த பிரிவ்யூவை நம்பி ஓடுவதில்லை. அதற்கு உதவுவது கேமரா ரா கேஷ். பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அதன் அளவை 20 ஜிபிக்கு ஏற்றி, இடத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். அதே பக்கத்தில், திருத்தும்போது அசலுக்குப் பதில் ஸ்மார்ட் பிரிவ்யூவைப் பயன்படுத்தச் சொல்லும் தேர்வும் இருக்கிறது. ஸ்மார்ட் பிரிவ்யூ நீளப் பக்கம் 2560 பிக்சல்தான் என்பதால் ஸ்லைடர்கள் லகுவாக ஓடும். ஏற்றுமதி செய்யும்போது அசல் கோப்பு கையில் இருந்தால் முழுத் தரம் கிடைக்கும்.

திருத்தங்களின் வரிசையும் வேகத்தைப் பாதிக்கும். ஹீலிங், லென்ஸ் கரெக்ஷன் முதலில், பிறகு வெளிச்சம், நிறம், அப்புறம் மாஸ்க்குகள், நாய்ஸ் ரிடக்ஷனும் ஷார்ப்பனிங்கும் கடைசியில். நாய்ஸ் ரிடக்ஷனை முதலிலேயே ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு அசைக்கும் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் அந்தக் கனமான கணக்கு மறுபடி ஓடலாம். ஒரே படத்தில் நூறு இடங்களில் ஹீலிங் வேண்டுமென்றால் அதைப் போட்டோஷாப்பில் செய்வதே நல்லது.

மாதம் ஒருமுறை ஃபைல் மெனுவில் ஆப்டிமைஸ் கேட்டலாக் கொடுங்கள். கேட்டலாக் செட்டிங்ஸில், மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் (திருத்தங்களைக் குறித்து வைக்கும் தகவல் பகுதி) எழுதும் தேர்வு இருந்தால், ஒவ்வொரு அசைவுக்கும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். முகம் கண்டறிதல், முகவரி தேடல் இரண்டும் பின்னால் ஓடுகின்றனவா என்று மேல் இடது மூலையில் உள்ள பெயரை அழுத்திப் பார்த்து, நிறுத்தி வைக்கலாம்.

மென்பொருளுக்கு வெளியே இருக்கும் காரணங்கள்

படம் திறக்க மட்டும் நேரமாகிறது, திறந்த பிறகு சிக்கலில்லை என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விண்டோஸில் பிக்சர்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவோடு இணைந்திருக்கலாம். கோப்பின் பக்கத்தில் மேகக் குறி தெரிந்தால் படம் உங்கள் டிஸ்க்கிலேயே இல்லை. திறக்கும்போதுதான் இணையத்திலிருந்து இறங்குகிறது. வேலை செய்யும் ஃபோல்டரை அந்த ஒத்திசைவுக்கு வெளியே வைப்பதே சரி. குறிப்பாக லைட்ரூம் கேட்டலாக்கை அதற்குள் வைக்காதீர்கள். நொடிக்கு நொடி மாறும் கோப்பு அது. ஒவ்வொரு மாற்றத்தையும் மேலே ஏற்ற முயன்றபடியே இருக்கும்.

வெளி டிஸ்க்கில் படங்களை வைத்திருந்தால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். யுஎஸ்பி 2.0 நடைமுறையில் விநாடிக்கு 30 முதல் 40 எம்பிதான் தரும். 25 எம்பி ரா படங்கள் 500 இருந்தால் 12.5 ஜிபி. விநாடிக்கு 30 எம்பி என்றால் நகல் எடுக்க 7 நிமிடம். அதே டிஸ்க்கை 3.0 போர்ட்டில் செருகி 120 எம்பி வந்தால் 2 நிமிடத்துக்குள். பழைய கேபிள் ஒன்று நடுவில் இருந்தாலே வேகம் 2.0-க்கு இறங்கிவிடும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு தற்காலிகக் கோப்பையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால், கேட்டலாக் ஃபோல்டரையும் கேமரா ரா கேஷ் ஃபோல்டரையும் அதன் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். தடுப்பை மொத்தமாக அணைத்துவிட வேண்டாம். புதிய கோப்புகள் வந்து விழும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் விலக்காதீர்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் மெதுவாகிறது என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, மேலே சொன்ன ரேம் நிரம்புதல். மற்றது சூடு. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘ஸ்பீட்’ என்ற எண்ணைக் கவனியுங்கள். பக்கத்திலேயே ‘பேஸ் ஸ்பீட்’ இருக்கும். கனமான வேலை நடக்கும்போது ஸ்பீட் அதற்குக் கீழே இறங்கி நின்றால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் கெட்டியான பரப்பில் வையுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, ஃபேன் வழியில் உள்ள தூசியை ஊதி எடுங்கள். சார்ஜரைச் செருகி, பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் பாதி வேகத்தில்தான் ஓடும்.

சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு தடங்கல் வந்து போகிறதென்றால் அது பழுதே அல்ல. போட்டோஷாப் மீட்பு நகலைச் சேமிக்கிறது. அதை அணைக்காமல், ஃபைல் ஹேண்ட்லிங் பக்கத்தில் 15 நிமிடம் அல்லது 30 நிமிடம் என்று தள்ளி வையுங்கள். அதே பக்கத்தில் பிஎஸ்டி சுருக்கத்தை நிறுத்தும் தேர்வும் உண்டு. டிக் செய்தால் பெரிய கோப்புகள் வேகமாகச் சேவ் ஆகும், ஆனால் டிஸ்க்கில் கூடுதல் இடம் பிடிக்கும்.

மென்பொருள் திறக்கவே நேரமானால் பிளக்இன்களும் எழுத்துருக்களும் முதல் சந்தேகம். போட்டோஷாப் திறக்கும்போது ஷிஃப்ட் அழுத்திப் பிடித்தால் கூடுதல் பிளக்இன்களை ஏற்றாமல் திறக்கலாமா என்று கேட்கும். அப்போது சட்டென்று திறந்தால் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதுவுமே பலிக்காவிட்டால் கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் பிடித்தபடி திறந்து பிரிஃபரன்சஸை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். உங்கள் பிரஷ்களையும் ஆக்ஷன்களையும் அதற்கு முன்பே தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் வாங்க வேண்டியிருந்தால்

சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இயங்குதளம் ஓடுகிறதென்றால் வேறு எதையும் யோசிக்காமல் எஸ்எஸ்டிதான் முதல் செலவு. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்து, எஃபிஷியன்சி அடிக்கடி விழுகிறதென்றால் ரேம். 8 ஜிபியில் இருப்பவருக்கு 16 பெரிய மாற்றம் தரும். 16 இருந்து எஃபிஷியன்சி 100-இலேயே நிற்பவருக்கு 32 போட்டாலும் ஒன்றும் தெரியாது. கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவிட வேண்டியவர்கள், ஏஐ நாய்ஸ் ரிடக்ஷன் போன்றவற்றைத் தினமும் நூற்றுக்கணக்கான படங்களில் ஓட்டுபவர்கள்தான். அந்த ஒரு வேலை ஏறத்தாழ முழுவதும் கார்டின் வேகத்தில் நடக்கிறது.

ரேம் வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்பதைப் பாருங்கள். ‘2-இல் 1’ என்று காட்டினால், ஏற்கெனவே உள்ளதைப் போன்றே இன்னொன்றை, அதே டிடிஆர் வகையிலும் அதே வேகத்திலும் போடுங்கள். அளவு கூடுவதோடு இரண்டும் ஜோடியாக ஓடுவதால் மெமரி வழித்தடமும் இரட்டிப்பாகும். தனிக் கார்டு இல்லாமல் பிராசஸரின் கிராபிக்ஸையே நம்பியிருக்கும் கம்ப்யூட்டர்களில் திரை வேகம் இதனால் நன்றாகக் கூடும். ‘2-இல் 2’ என்றிருந்தால் பழையவற்றைக் கழற்றிவிட்டுப் பெரிய ஜோடி வாங்க வேண்டும். மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. அதே மாடலின் தயாரிப்பாளர் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள்.